குஞ்சுத் தீனும் உலோக நஞ்சும்: திருகோணமலை வளவுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“குஞ்சுகளுக்கு மயில்துத்தம் எத்தனை கிராம் போடலாம்?” மயில்துத்தம், அதாவது செப்புச் சல்பேற்று, பற்றித் திருகோணமலைப் பக்கம் வீட்டோடு கோழி வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி. பதில் சொல்ல முன்னர் நான் திருப்பிக் கேட்பது, “என்ன தீன் போடுகிறீர்கள்?” கேள்வியைத் தட்டிக்கழிக்க அல்ல. செம்பு, நாகம் (துத்தநாகம்), ஈயம், கட்மியம், இரசம் (பாதரசம்), செலனியம் என்று எதை எடுத்தாலும், ஒரே அளவு ஒரு கூட்டில் ஒன்றும் செய்யாமல் போகும். அடுத்த கூட்டில் குஞ்சுகளை வாட்டி எடுத்துவிடும். அந்த வித்தியாசத்தைத் தேடினால் அது பெரும்பாலும் தீன்தொட்டியில்தான் கிடக்கும்.

இந்த வழிகாட்டி ஒரு நாள் குஞ்சிலிருந்து ஏறக்குறைய எட்டு வாரம் வரைக்கும் உள்ள குஞ்சுகளுக்கானது. முட்டையிடும் கோழிக்கு வேறு கணக்கு.

தொடங்க முன்னர்: ஏன் குஞ்சு, ஏன் தீன்?

முதல் வாரத்தில் ஒரு புறொய்லர்க் குஞ்சு ஒரு நாளைக்குத் தன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தீனைத் தின்னும். வளர்ந்த முட்டைக்கோழி பதினைந்தில் ஒரு பங்குதான் தின்னும். ஆகவே தீனில் உள்ள அதே நஞ்சு, எடைக்கு எடை பார்த்தால் குஞ்சுக்கு மூன்று மடங்கு. அதோடு, வேண்டாததை வெளியே தள்ளும் வேலையில் குஞ்சின் ஈரலும் சிறுநீரகமும் இன்னும் தேறவில்லை; குடலோ கிடைத்ததையெல்லாம் உறிஞ்சுகிற வயதில் இருக்கிறது.

அடுத்தது, உலோகம் குடலுக்குள் தனியாக நுழைவதில்லை. கூட வருகிற மற்ற உலோகங்களோடு போட்டி போட்டுத்தான் உள்ளே போகிறது. 1970 இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஹில், மட்ரோன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: இலத்திரன் அமைப்பில் ஒத்த உலோகங்கள் உயிருடம்புக்குள் ஒன்றின் இடத்தை மற்றது பிடிக்கும். நாகம் குறைந்த குஞ்சில் கட்மியம் அந்த இடத்தில் போய் உட்காரும். கல்சியம் குறைந்த குஞ்சில் ஈயம் உட்காரும். இரும்பு குறைந்தால் ஈயம், கட்மியம் இரண்டுக்குமே வாசல் அகலும். சத்துக் குறைந்த குஞ்சுதான் முதலில் நஞ்சுக்கு இரையாகும் என்பதன் காரணம் இதுதான். அதனால் வளவில் உள்ள உலோகத்தை முழுக்க ஒழிக்க முடியாவிட்டாலும், தீனைச் சரி செய்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

படி 1: வளவை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்

கடற்கரை ஊர்களில் முதலில் தேட வேண்டியது ஈயம். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை வீட்டிலேயே உருக்கி வார்க்கிறவர்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் நிலாவெளியிலும் இருக்கிறார்கள். வார்க்கும்போது சிந்துகிற சின்னச் சின்ன மணிகள் மண்ணில் கிடக்கும். கோழிக்குப் பல் இல்லை. தீனை அரைக்க அது கல் பொறுக்கி விழுங்கும். அந்தக் கற்கள் தங்குவது அரைவைப்பையில், அதாவது கறிக்கு வெட்டும்போது உள்ளே மஞ்சள் தோலோடு வருகிற தடித்த தசைப்பையில். ஈய மணியும் கல்லோடு கல்லாக அங்கேயே தங்கிவிடும். பாரம் கூடியதால் இலேசில் வெளியே போகாது. வயிற்று அமிலமும் கல்லின் உராய்வும் சேர்ந்து நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். எந்தத் தீனும் இதை முழுக்கத் தடுக்காது. ஈயம் வார்த்த இடத்தின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, கோழி போகாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். அந்த மூலைக்கு வேலி போடுங்கள்.

அடுத்து பழைய வாகனப் பற்றறி. உடைத்த பற்றறியின் சாம்பல் நிறப் பொடி ஈயமேதான். அதைக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. படகு சுரண்டுகிற இடமும் அப்படித்தான்: பாசி பிடிக்காமல் படகின் அடியில் பூசும் பூச்சில் செம்பு இருக்கும், பழைய பூச்சுகளில் ஈயமும் இருக்கும். பெற்றோலில் ஈயம் கலப்பது இலங்கையில் 2002 இல் நின்றது. ஆனால் ஈயம் மண்ணை விட்டு எழும்பிப் போகிற பொருள் அல்ல; பெருந்தெரு ஓரத்து வளவுகளில் பழையது இன்னும் இருக்கலாம்.

நாகம் வருவது தகரத்திலிருந்தும் கம்பி வலையிலிருந்தும். நாகம் பூசிய வலையைப் புதிதாக வெட்டிக் கூடு கட்டும்போது விழுகிற துணுக்குகள் பளபளக்கும். குஞ்சு பளபளப்பைத்தான் முதலில் கொத்தும். கூடு கட்டி முடிந்ததும் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டி நிலத்தோடு இழுத்தால் கம்பித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும். ஈயம் காந்தத்தில் ஒட்டாது. அதற்குக் கண்தான் வேண்டும்.

புல்மோட்டைக் கறுப்பு மணலைப் பற்றியும் கேட்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் இல்மனைற்று, உரூத்தைல், சிர்க்கன் போன்ற கனிமங்கள். உரூத்தைல் என்பது தைத்தேனியம் ஈரொட்சைட்டு. தீன் ஆராய்ச்சியில் எவ்வளவு சமித்தது என்று அளப்பதற்கு இதே பொருளைத் தீனில் கலந்து கொடுப்பார்கள். கொடுத்தது அப்படியே எச்சத்தில் வந்துவிடும் என்பதால். எனவே குஞ்சு இரண்டு மணல் கொத்தியதற்காகப் பதற வேண்டாம். ஆனால் அந்த மணலில் தோரியம் உள்ள மொனசைற்றும் கலந்திருக்கும். அரைவைக் கல்லாக வேண்டுமென்றே அதை அள்ளிப் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கழுவிய ஆற்று மணல் போதும்.

இந்தப் படியிலேயே தீனோடு சேர்ந்த ஒரு வேலை இருக்கிறது: காலையில் குஞ்சுகளைத் திறந்துவிட முன்னர் தீன் கொடுங்கள். வெறும் வயிற்றில் ஈயம் கூடுதலாக உறிஞ்சப்படும். விடிந்ததும் பசியோடு பாய்ந்து வருகிற குஞ்சு மண்ணையும் கூடுதலாகக் கொத்தும். அரை மணி நேரம் தீன் தின்ன விட்டுப் பிறகு திறவுங்கள். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

படி 2: குஞ்சு தின்பதை ஒரு தாளில் எழுதுங்கள்

கடைத் தீன் மட்டும் என்றால் ஒரு வரியில் முடியும். வீட்டுக் கலவை என்றால் எல்லாவற்றையும் எழுதுங்கள்: தம்பலகாமத்து ஆலைத் தவிடு, சீனக்குடா மா ஆலையிலிருந்து வரும் கோதுமைத் தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, குறுணல், சோளம், கருவாட்டுத் தூள், மிஞ்சின சோறு, பாண் துண்டு. தண்ணீரில் கலக்கும் மருந்துகளும் விற்றமின்களும் இந்தத் தாளில் வர வேண்டும். பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது அந்தத் தாளில் தவிடும் புண்ணாக்கும் எவ்வளவு என்று பாருங்கள். தவிட்டில் பைட்டேற் என்ற பொருள் நிறைய உண்டு. விதைகள் பொஸ்பரஸைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. தவிட்டுப் பொஸ்பரஸில் பெரும்பங்கு இப்படித்தான் கட்டுண்டு கிடக்கிறது. இந்தப் பைட்டேற் குடலுக்குள் நாகம், இரும்பு, மங்கனீசு, கல்சியம் எல்லாவற்றையும் பிடித்துக் கட்டி எச்சத்தோடு வெளியே கொண்டுபோய்விடும். பைட்டேற் கூடினால் குஞ்சுக்கு நாகம் கிடைக்காமல் போவதை ஓடெல், சவேஜ் என்ற இருவர் 1960 இலேயே காட்டினார்கள்.

இதற்கு இரண்டு பக்கம் உண்டு. தவிடு கூடின தீனில் தவறிப்போய் நாகமோ செம்போ கொஞ்சம் கூடினாலும் பைட்டேற் அதில் ஒரு பகுதியைக் கட்டிவிடும்; குஞ்சு தாங்கிக்கொள்ளும். ஆனால் வேண்டிய நாகமும் அதே வழியில் போய்விடுவதால், நாளடைவில் குஞ்சு நாகம் குறைந்து நிற்கும். அந்த நிலையில் கட்மியம் வந்தால் வாசல் திறந்தே கிடக்கும்.

மாறாக, “குஞ்சு பாவம், சமிக்காது” என்று பால்மா, அவித்த முட்டை, பாண், குறுணல் மட்டும் கொடுத்து வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் கட்டிப் பிடிக்கிற பொருள் மிகக் குறைவு. உலோகம் தடையில்லாமல் உள்ளே போகும். ஆய்வுகூடங்களிலும் இதே கதைதான்: சீனியும் பாற்புரதமும் சேர்த்த சுத்திகரித்த தீனில் வளர்கிற குஞ்சுகளில், சோள-சோயாத் தீனில் ஒன்றும் செய்யாத அளவே நஞ்சாகத் தெரிந்தது. ஒரு தீனுக்குப் பார்த்த பாதுகாப்பான அளவை இன்னொரு தீனுக்குக் கொண்டுபோக முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

இதிலிருந்து வருகிற நடைமுறை: முதல் நான்கு வாரமாவது குஞ்சுகளுக்கென்று கடையில் விற்கும் ஸ்டார்ட்டர் தீன் கொடுங்கள். வீட்டுத் தீன்தான் என்றால், அரிசித் தவிட்டைக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். மிச்சத்தைச் சோளத்தாலும் சோயாவாலும் நிரப்புங்கள். தவிட்டைப் பற்றி இன்னொன்று: நெல் ஆசனிக்கை மண்ணிலிருந்து இழுக்கும், அது அரிசியை விடத் தவிட்டிலேயே கூடச் சேரும். பயப்படுத்தச் சொல்லவில்லை; அளவோடு நிற்க அதுவும் ஒரு காரணம்.

பைட்டேஸ் என்ற நொதியம் சேர்த்த தீன்கள் இப்போது கிடைக்கின்றன. நல்ல விடயம். அது பைட்டேற்றை உடைத்து நாகத்தையும் பொஸ்பரஸையும் விடுவிக்கும். ஆனால் அப்படி விடுபட்டதற்கு மேலே நீங்கள் பழைய பழக்கத்தில் கனியுப்புப் பொடியும் போட்டால் கணக்கு மாறிவிடும். பையில் பைட்டேஸ் என்று இருந்தால் வேறு கனியுப்பு வேண்டாம்.

படி 3: கல்சியத்தைச் சரிபாருங்கள்

ஈயத்துக்கு எதிராகத் தீனால் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிச் சபை 1994 இல் வெளியிட்ட அட்டவணைப்படி, புறொய்லர்க் குஞ்சின் முதல் மூன்று வாரத் தீனில் 1 சதவீதம் கல்சியம் வேண்டும். முட்டைக்கோழிக் குஞ்சுக்கு 0.9 சதவீதம். தவிடும் புண்ணாக்கும் குறுணலும் மட்டும் கலந்தால் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கும். ஒன்பதில் ஒரு பங்கு!

நமக்குக் கல்சியத்துக்குக் குறைவில்லை. கடற்கரையில் சிப்பியும் மட்டியும் கிடக்கின்றன. கணவாய் ஓடு சும்மா ஒதுங்குகிறது. சிப்பியை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவி உப்பைப் போக்கி, வெயிலில் காயவைத்து, இடித்து, குஞ்சுக்கு என்றபடியால் மா போல அரித்தெடுங்கள். படகு சுரண்டுகிற இடத்துச் சிப்பி வேண்டாம்.

அளவு இப்படி. சிப்பித் தூளில் 38 சதவீதம் அளவில் கல்சியம். 10 கிலோ தீனுக்கு 0.9 சதவீதம் என்றால் 90 கிராம் கல்சியம் வேண்டும். தீனிலேயே 10 கிராம் இருக்கிறது. மிச்சம் 80 கிராமுக்கு ஏறத்தாழ 200 கிராம் சிப்பித் தூள். கலவையில் ஒரு கிலோ முள்ளோடு அரைத்த கருவாட்டுத் தூள் இருந்தால் அதுவே 40 கிராமுக்கு மேல் கல்சியம் தரும். அப்போது 100 கிராம் சிப்பித் தூள் போதும்.

இதற்கு மேல் போகக் கூடாது. “கல்சியம் ஈயத்தைத் தடுக்கும், அப்படியானால் கூடப் போடுவோம்” என்று நினைத்து முட்டைக்கோழித் தீனைக் குஞ்சுக்குப் போடுகிறவர்கள் உண்டு. அதில் மூன்றரைச் சதவீதத்துக்கு மேல் கல்சியம். குஞ்சின் சிறுநீரகம் பழுதாகும். மிதமிஞ்சிய கல்சியம் பைட்டேற்றோடு சேர்ந்து நாகத்தையும் மங்கனீசையும் இறுக்கிக் கட்டிவிடும். மங்கனீசு குறைந்தால் கணுக்கால் வீங்கிப் பின்தசைநார் விலகிக் கால் ஒரு பக்கமாகத் திரும்பும். அப்படி நொண்டுகிற குஞ்சைப் பார்த்து இன்னும் கொஞ்சம் கல்சியம் போடுவார்கள். அது சுற்றிச் சுற்றி அதே குழியில்தான் விழும்.

பொஸ்பரஸுக்கு என்று பயிருக்குப் போடும் கற்பொஸ்பேற்றையோ முச்சுப்பர் பொஸ்பேற்றையோ தீனில் கலக்கவே வேண்டாம். எப்பாவலக் கல்லானாலும் இறக்குமதிப் பசளையானாலும் அது பயிருக்கு. பசளைப் பொஸ்பேற்றில் புளோரீன் இருக்கும். ஊரைப் பொறுத்துக் கட்மியமும் வனேடியமும் வரும். தீனுக்கு என்று சுத்திகரித்த டி.சி.பி. (இருகல்சியம் பொஸ்பேற்று) தனியாக விற்கிறார்கள்.

படி 4: கிராம் கணக்கைப் போடுங்கள்

குஞ்சுக் கூட்டில் நடக்கிற செம்பு விபத்துகளில் பெரும்பாலானவை கை அளவில் போடுவதால் வருபவை. கணக்கு கடினமல்ல. ஒரு கிலோ தீனில் இத்தனை மில்லிகிராம் என்பதுதான் அளவு.

முதலில் தேவை. 1994 அட்டவணைப்படி புறொய்லர்க் குஞ்சுக்கு ஒரு கிலோ தீனில் செம்பு 8, நாகம் 40, மங்கனீசு 60, இரும்பு 80, செலனியம் 0.15 மில்லிகிராம். அதே சபை 2005 இல் வெளியிட்ட தாங்கும் எல்லையில் கோழிக்குச் செம்பு 250, நாகம் 500, செலனியம் 3. அந்த எல்லை வழக்கமான தானியத் தீனுக்கு. பாண், பால்மாக் குஞ்சுக்கு அதற்கு முன்னரே தொல்லை வரும் என்பதை மேலே பார்த்தோம்.

மயில்துத்தப் பளிங்கில் நூற்றுக்கு இருபத்தைந்தரைப் பங்கு செம்பு. 100 கிலோ தீனுக்கு வேண்டிய செம்பு முழுவதும் 800 மில்லிகிராம். மயில்துத்தமாக 3 கிராமுக்குச் சற்று மேல். ஒரு தேக்கரண்டி மட்டமாக எடுத்தாலே 5 கிராமுக்கு மேல் பிடிக்கும்! அதுவும் தீனில் இயல்பாகவே உள்ள செம்பைக் கணக்கில் எடுக்காமல்.

தண்ணீரில் கலப்பது இன்னும் மோசமாகப் போகலாம். ஒரு லீற்றருக்கு 1 கிராம் மயில்துத்தம் என்றால் லீற்றரில் 255 மில்லிகிராம் செம்பு. சாதாரண நாளில் குஞ்சு தின்பதைப் போல இரு மடங்கு குடிக்கும். அப்போது அது தீனில் கிலோவுக்கு 510 மில்லிகிராம் போட்டதற்குச் சமம். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் குஞ்சு மூன்று மடங்கு குடித்தால் 765. எல்லை 250 என்று சொன்னோம். மாரியில் குஞ்சு எப்படியோ தாக்குப்பிடிக்கிற அதே கரைசல் கோடையில் கொல்லும் என்பது இப்படித்தான். என் கருத்தைக் கேட்டால், மிருக வைத்தியர் அளவும் நாளும் எழுதித் தராமல் குஞ்சுத் தண்ணீரில் மயில்துத்தம் கலக்கவே கூடாது. பூச்சிக்கும் கழிச்சலுக்கும் அது பொது மருந்து என்ற நம்பிக்கையைக் கைவிடுகிற காலம் எப்போதோ வந்துவிட்டது.

செம்பு கூடினால் அரைவைப்பையின் உள்தோல் வெடித்துப் புண்ணாகும். குஞ்சு தின்பதைக் குறைக்கும். தின்பது குறைந்தால் புரதம் குறையும்; புரதம் குறைந்தால் செம்பின் பாதிப்பு இன்னும் கூடும்.

கரைசலை எதில் கலக்கிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். நாகம் பூசிய வாளியில் மயில்துத்தம் கலந்தால் வாளி அரிக்கும். நாகமும் தண்ணீரில் வந்துவிடும். புளித்த மோர், தேசிக்காய்த் தண்ணீர், வினாகிரி எதையும் அப்படிப்பட்ட வாளியில் வைக்காதீர்கள். பிளாஸ்ரிக் அல்லது மண்சட்டி.

செலனியத்துக்கு ஒரு வரி போதும்: 100 கிலோ தீனுக்கு வேண்டியது வெறும் 15 மில்லிகிராம், சோடியம் செலனைற்றாக 33 மில்லிகிராம். ஒரு சிட்டிகையிலும் குறைவு. வீட்டுத் தராசில் நிறுக்கவே முடியாது. தீனுக்கு என்று தயாரித்த முன்கலவையை (கனியுப்பும் விற்றமினும் அளந்து கலந்த பொடி) தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

தாளைத் திரும்ப எடுங்கள். கடைத் தீனில் முன்கலவை ஏற்கனவே இருக்கிறது. அதன் மேல் தண்ணீரில் கலக்கும் கனியுப்பு மருந்து, அதன் மேல் இன்னொரு “வளர்ச்சிப் பொடி” என்று மூன்று இடத்திலிருந்தும் ஒரே செம்பும் நாகமும் வருகிறதா? ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துங்கள்.

படி 5: மீனைத் தெரிந்து போடுங்கள்

கொட்பே துறைமுகம் இருக்கிற ஊரில் மீன் கழிவு கோழிக்குப் போகாமல் இராது. போகவும் வேண்டும், குஞ்சுக்கு அதைவிட நல்ல புரதம் இந்த விலைக்குக் கிடைக்காது. எந்த மீன், எந்தப் பாகம் என்பதுதான் விடயம்.

இரசம் பெரிய மீன்களில் சேரும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்ன, அதை இன்னும் பெரியது தின்ன, படிக்குப் படி கூடிக்கொண்டே போகும். சுறா, தளப்பத்து, பெரிய சூரை வகைகள் மேல்படியில் இருப்பவை. சூடை, நெத்தலி, சாளை கீழ்ப்படியில் உள்ளவை. குஞ்சுத் தீனுக்குக் கீழ்ப்படி மீனையே எடுங்கள்.

இங்கே ஒரு சுவையான ஆராய்ச்சி உண்டு. 1972 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சினில் காடைகளுக்கு மெதைல் இரசம் கலந்த தீன் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சோள-சோயாத் தீன். இன்னொரு கூட்டத்துக்குச் சூரை வகை மீன் 17 சதவீதம் சேர்த்த தீன். இரசம் இரண்டிலும் ஒரே அளவாகச் சேர்க்கப்பட்டது. மீன் தின்ற காடைகள் கூடுதலாக உயிர் தப்பின. அந்த மீனில் இருந்த செலனியம் இரசத்தின் கடுமையைக் குறைத்தது என்பது அதிலிருந்து வந்த முடிவு. இரசம் உள்ள மீனிலேயே அதைத் தணிக்கிற பொருளும் இருந்திருக்கிறது.

அதற்காக மேல்படி மீனை அள்ளிப் போடலாம் என்று எடுக்காதீர்கள். செலனியம் இரசத்தைக் காணாமல் ஆக்குவதில்லை. அதோடு இணைந்து கடுமையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். பறவையின் உடலில் தங்கியது தங்கியதுதான், பிறகு அது நம் சட்டிக்கு வரும்.

கட்மியம் விடயத்தில் கணவாய்தான் முக்கியம். கணவாயின் சதை நல்லது, ஓடும் நல்லது. அதன் ஈரல் போன்ற சமிபாட்டுச் சுரப்பி கட்மியத்தைக் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். கணவாய் துப்புரவாக்கும்போது வருகிற குடல், மை, ஈரல் எல்லாவற்றையும் ஒன்றாகக் குஞ்சுக்கு வீசுவது வழக்கம், அதை நிறுத்துங்கள். தென்னைக்கும் போடாமல் குழியில் மூடுவது நல்லது.

கருவாட்டைப் பற்றி ஒரு சொல்: உப்பு. உலோக நஞ்சு என்று சந்தேகித்துக் கொண்டுவருகிற குஞ்சுகளில் சில உண்மையில் உப்புக் கூடித் துவண்டவையாக இருக்கும். கருவாட்டை ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காயவைத்து இடியுங்கள்.

படி 6: புரதம், இரும்பு, பச்சை

புரதத்தில் உள்ள கந்தக அமினோ அமிலங்களான மெதியோனினும் சிஸ்ரைனும் இல்லாமல் உடல் தன் சொந்தக் காவலைக் கட்ட முடியாது. நாகம், செம்பு, கட்மியம் ஆகியவற்றைப் பிடித்து வைக்கும் மெற்றலோதயோனின் என்ற சிறு புரதத்தில் மூன்றில் ஒரு பங்கு சிஸ்ரைன்தான். தேங்காய்ப் புண்ணாக்கை மட்டும் நம்பிய தீனில் இவை போதாது. மீன் தூள் கொஞ்சம் சேர்த்தால் போதும். எள்ளுப் புண்ணாக்கிலும் மெதியோனின் நன்றாக உண்டு, ஆனால் பைட்டேற்றும் அதில் கூட என்பதால் சிறு அளவே. புறொய்லர்க் குஞ்சுக்கு 23 சதவீதமும் முட்டைக்கோழிக் குஞ்சுக்கு 18 சதவீதமும் புரதம் வேண்டும். ஊர்க்கோழிக் குஞ்சுக்கு அந்த 18 ஐப் பிடித்தாலே நன்று.

விற்றமின் சி ஒரு வேடிக்கையான பாத்திரம். கோழி அதைத் தன் உடலிலேயே செய்துகொள்ளும், ஆனால் வெக்கையில் வாடும்போது செய்வது போதாது. காடைக் குஞ்சுகளில் கட்மியத்தால் வரும் இரத்தச்சோகையை அது தணித்தது என்று 1970 வாக்கில் கண்டார்கள். இரும்பை நன்றாக உறிஞ்ச வைப்பதால் வந்த பலன் அது. அதே விற்றமின் செம்பின் உறிஞ்சலைக் குறைக்கும். செம்பு கூடிய குஞ்சுக்கு அது நன்மை, செம்பு குறைந்த குஞ்சுக்குத் தீமை. எனவே கடும் வெக்கை நாட்களில் மட்டும் கொடுங்கள். ஆண்டு முழுக்க வேண்டாம்.

முருங்கையிலை, அகத்தி, பொன்னாங்காணியைப் பொடியாக அரிந்து இரண்டாம் வாரத்திலிருந்து கொடுக்கலாம். 1971 இல் வந்த ஓர் ஆய்வில், காயவைத்த புல், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, விற்றமின் சி மூன்றுமே குஞ்சுகளில் வனேடிய நஞ்சைத் தடுத்தன. தெருவோரத்துக் கீரை வேண்டாம்.

படி 7: குடலைக் காப்பாற்றுங்கள்

இரத்தக் கழிச்சல் நோய்க்கிருமி குடலின் உள்தோலைக் கிழித்துவிட்டால், எதை விடுவது எதைத் தடுப்பது என்ற கட்டுப்பாடு குலைந்துபோகும். சில உலோகங்கள் வழக்கத்தை விடக் கூடுதலாக உடலில் சேரும். ஈரமான நிலப்படுக்கைதான் அந்தக் கிருமிக்குப் பிடித்த இடம். வாடைக்காற்று மழைக் காலத்தில் உமியையோ மரத்தூளையோ அடிக்கடி மாற்றுங்கள். அந்த நாட்களில் புதிதாக எந்தக் கனியுப்பும் தொடங்க வேண்டாம்.

படி 8: அறிகுறி தெரிந்தால்

உலோக நஞ்சு காய்ச்சல் போலத் திடீரென்று எல்லாக் குஞ்சையும் ஒரே நாளில் வீழ்த்துவது அரிது. தண்ணீரில் மருந்து கூடிப்போனால் மட்டும் அப்படி நடக்கும். மற்றப்படி மெதுவாகத் தெரியும்: ஒத்த வயதுக் குஞ்சுகளில் சில வளராமல் நிற்கும், கொண்டை வெளிறும், எச்சம் கடும்பச்சையாகும், செட்டை தொங்கும், கால் துவளும். ஈயத்தில் செட்டை தொங்கலும் பச்சை எச்சமும் சேர்ந்து வரும். செம்பிலும் நாகத்திலும் செத்த குஞ்சைத் திறந்தால் அரைவைப்பையின் உள்தோல் வெடித்திருக்கும். இதே அறிகுறிகள் இராணிக்கெட் என்ற தொற்றுநோயிலும் வரும் என்பதால் பார்வையை மட்டும் நம்ப முடியாது.

செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

தண்ணீரை உடனே மாற்றுங்கள். மருந்து எதுவும் கலக்காத கிணற்றுத் தண்ணீர், பிளாஸ்ரிக் பாத்திரத்தில். தண்ணீரை மாற்றி ஒரு மணி நேரத்துக்குள் குஞ்சுகளை வளவிலிருந்து கூட்டுக்குள் அடையுங்கள்.

வீட்டுக் கலவையை நிறுத்தி, புதிதாகப் பிரித்த ஸ்டார்ட்டர் தீனுக்கு மாறுங்கள். பழைய தீனைக் கொட்டிவிட வேண்டாம்; அரைக் கிலோவை உறையில் கட்டி, திகதி எழுதி வையுங்கள். காரணம் அதிலேயே இருக்கலாம்.

படி 2 இல் எழுதிய தாள், அந்தத் தீன் உறை, மருந்துப் போத்தல்கள், அன்றைக்குச் செத்த குஞ்சு ஒன்று (ஐஸ் போட்டு, உறையவிடாமல்) எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பிரதேச அரச மிருக வைத்தியரிடம் போங்கள். மேற்கொண்டு பரிசோதனை வேண்டுமானால் கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம் பற்றி அவர் சொல்வார். ஈயத்துக்குக் கல்சியம் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து உண்டு. அது ஊசியாகப் போடுவது, வைத்தியர் கையால் மட்டும். நீங்களாகச் சிப்பித் தூளை இரட்டித்துப் போட வேண்டாம்.

ஈயம் என்று உறுதியானால், தேறிய குஞ்சுகளையும் வேறாக வளருங்கள். ஈயம் எலும்பில் தங்கும். முட்டையிடத் தொடங்கும்போது எலும்பிலிருந்து கல்சியம் முட்டைக்குப் போகிற அதே வழியில் அதுவும் போகும். அந்தக் கோழிகளின் முட்டையையோ எலும்புச் சாறையோ சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முன்னர் முட்டையைப் பரிசோதிக்க வழி உண்டா என்று வைத்தியரிடமே கேளுங்கள். பிள்ளைகளும் அதே மண்ணில்தான் விளையாடுகிறார்கள் என்றால், அவர்களின் இரத்தத்தைப் பார்ப்பது பற்றித் திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் விசாரியுங்கள்.